அறையில் இருந்தவர்கள்

நாஷ்வில்லில் பல் பிடுங்கப் போனால், ஊசி போட்டு வாய் மரத்துப்போகும் வரைக்கும் வைத்தியர் தான் எழுதிய பாட்டைப் பாடிக் காட்டுவார். நம்மால் அபிப்பிராயம் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். இந்த ஊரில் கூரை போடுகிறவர், டாக்சி ஓட்டுகிறவர், விவாகரத்து வாங்கித் தருகிறவர் எல்லோரிடமும் ஒரு பாட்டு உண்டு. பாட்டே எழுதாத ஓர் ஆளைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ப்ளூ லேடில் இசைக் கம்பெனியின் இரண்டாம் மாடிக்கு வாருங்கள். படிக்குப் பக்கத்து மேஜையில் நான் உட்கார்ந்திருப்பேன்.

என் பெயர் லாயிட் ப்ரூயிட். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்டீல் கிட்டாரோடு ஆர்க்கன்சாவிலிருந்து பஸ் ஏறி வந்தேன். கிட்டார் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாகக் கம்பெனியின் அறைப் பதிவேட்டை எழுதிவருகிறேன். கம்பெனியின் பெயருக்கு நீல அகப்பை என்று அர்த்தம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். எங்கள் கம்பெனிக்குச் சட்டி எப்போதும் வெளியூரிலிருந்துதான் வரும்.

அறைப் பதிவேடு என்றால் இதுதான். எங்கள் ஊரில் பாட்டை யாரும் தனியாக எழுதுவதில்லை. காலை பத்து மணி என்று நேரம் குறித்துக்கொண்டு மூன்று பேர் ஓர் அறைக்குள் போவார்கள், மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு பாட்டோடு வெளியே வருவார்கள். பாட்டு முடிந்ததும் நான் உள்ளே போய்ப் பெயர்களை எழுதிக் கையெழுத்து வாங்குவேன், பாட்டுப் பணம் அந்தப் பெயர்களுக்குச் சமமாகப் பிரியும். யார் எந்த வரியை எழுதினார் என்று கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் இரண்டு நண்பர்கள் ‘ஆனாலும்’ என்ற ஒரே ஒரு சொல்லை யார் போட்டது என்று சண்டைபிடித்து, ஒருவர் தலையில் இன்னொருவர் மாண்டலினைப் போட்டு உடைத்துவிட்டார். நல்ல மாண்டலின். உடனே கம்பெனியை ஆரம்பித்த பெரிய ஹாலோவே ஒரு விதி செய்து, அதைப் பித்தளைத் தகட்டில் செதுக்கி, என் தலைக்கு மேலே மாட்டினார்: ‘அறையில் இருந்தவர் எழுதியவர்.’

நல்ல விதிதான். சண்டை நின்றது. அதன் பிறகு எல்லோருக்கும் அறையில் இருக்க ஆசை வந்துவிட்டது.

பதிவேட்டில் மூன்று கட்டங்கள் உண்டு. பெயர், கையெழுத்து, பங்களிப்பு. பங்களிப்புக் கட்டத்தில் நான் எப்போதும் ஒரே வாசகத்தைத்தான் எழுதுவேன்: ‘அறையில் இருந்தார்.’ வருஷத்துக்கு இரண்டாயிரம் தடவை எழுதியிருப்பேன். காலி வரி விடக் கூடாது என்பது இன்னொரு விதி. ஒருமுறை நான் விட்ட காலி வரியில், ராத்திரியோடு ராத்திரியாக முதலாளியின் மருமகன் தன் பெயரை எழுதிக்கொண்டுவிட்டார்.

இப்போதைய தலைவர் மூன்றாம் ஹாலோவே. எல்லோரும் ட்ரிப் என்று கூப்பிடுவார்கள். பேனா பிடித்து அவரை யாரும் பார்த்ததில்லை, ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு எழுதியிருக்கிறார். அடுப்பில் பிஸ்கட் வேகும் வாசனை வருகிற மாதிரி, பாட்டு முடியப்போகிற வாசனை அவருக்கு வந்துவிடும். கதவைத் திறந்து, “நான் இருக்கறதாவே நெனைக்காதீங்கப்பா, நீங்க பாட்டுக்கு நடத்துங்க” என்று சொல்லிவிட்டுக் கடைசி வரி வரைக்கும் சுவரோரம் நிற்பார். ஒருமுறை மூன்றாம் அறை சோபாவில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டு முடிந்தது. தூங்குகிறவரும் அறையில் இருப்பவரே என்று அந்த வருஷம் ஒரு தீர்ப்பு எழுதிச் சேர்த்தோம். லிஃப்டும் அறைதான் என்று அதற்கு முன்னாலேயே தீர்ப்பாகியிருந்தது. இதற்கெல்லாம் பயந்துகொண்டு சில பேர் வீட்டிலேயே பாட்டை முடிக்கத் தொடங்கினார்கள். அப்படி ஒருவர் வீட்டுக் கொல்லையில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும்போது ஒரு பெரிய பாட்டு முடிந்தது. ட்ரிப் அங்கே விலா எலும்பு கடித்துக்கொண்டிருந்தார். பாட்டு எங்கே முடிந்தாலும் அந்த இடமே அறை என்று தீர்ப்பாகி, ‘வெளியறைப் படிவம்’ என்று ஒன்று அச்சடித்தோம். அந்த ஒரு தடவைக்குப் பிறகு படிவக் கட்டு என் கீழ் அலமாரியில் தூசி தின்றுகொண்டு கிடந்தது.

இந்த இடத்துக்குத்தான் ஒலீட்டா ஸ்டிட்ஹாம் வந்தார்.

கிழக்குக் கென்டக்கி மலைப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல்கட்டில் வேலை. வயது ஐம்பத்தொன்று. கணவர் வெர்லன் சுரங்கத்தில் இருந்தவர், சிறுநீரகம் போய், நாலு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டார். பள்ளிக்கூடம் விட்டதும் ஒலீட்டா நேரே அங்கே போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பாடுவார். ஒரு நர்ஸ் அதைக் கைபேசியில் பிடித்துப் போட்டாள். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். எங்கள் கம்பெனி நாற்பது லட்சத்து ஒன்றாவதாகப் பார்த்து, முதல் ஆல்பத்துக்கு ஒப்பந்தம் அனுப்பியது. அதற்குள் வெர்லன் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

என் மேஜைக்கு வந்தபோது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே பள்ளிக்கூடத்து மதிய உணவுப் பட்டியல்கள். பதினோரு பாட்டையும் அவற்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்.

“பாட்டெல்லாம் முடிச்சே கொண்டாந்துட்டேன் சார். பாடிக் குடுத்துட்டுப் பொழுதோட கிளம்பிரலாம்ல? அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டணும்.”

“முடிச்சது கணக்கில்லம்மா. இங்க ரூம்ல முடிக்கணும். ஒரு பாட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை.”

“எனக்குப் பதினோரு நாள்தான் லீவு பாக்கி.”

“பதினோரு பாட்டுதானே. சரியா இருக்கும்.”

அவர் பிளாஸ்டிக் உறையை என் மேஜையில் வைத்தார். பிறகு, “பேரு, புகழெல்லாம் எனக்கு வேணாம் மிஸ்டர் ப்ரூயிட். ஆல்பம் அட்டையில வெர்லன் பேரு வரணும், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் பூமிக்குள்ள வேல பாத்தாரு. அந்தக் கம்பெனி அவரு பேர எங்கயுமே போட்டதில்ல, பேட்ஜ்ல நம்பர்தான் இருக்கும். கடைசி வாரத்துல சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, ‘நீ பாட்டுக்காரி ஆயிட்டா என் பேரையும் ஒரு ஓரமா போடுவியா?’ன்னு. போடறேன்னு சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்” என்றார்.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் வெள்ளிக்கிழமை, மூன்றாம் அறை. ஒலீட்டாவோடு உட்கார வைத்தது ப்ரைஸ் டாலிவரை. தொப்பியைக் கழற்றாத மனிதர், நாற்பது வெற்றிப் பாட்டுகளின் சொந்தக்காரர். ஒலீட்டா உப்புப் பாட்டைப் பாடினார். சிறுநீரகம் போனவருக்கு உப்பு ஆகாது. வெர்லன் தனியாக உப்பில்லாமல் சாப்பிட வேண்டாமென்று இவரும் நாலு வருஷம் உப்பை விட்டுவிட்டார். நீயும் விட்டாய், நானும் விட்டேன், உப்பு டப்பா மட்டும் மேஜையைவிட்டுப் போக மனசில்லாமல் நின்றது என்று அதில் ஒரு வரி வரும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்ட நான் அன்று மதியம் உப்பு டப்பாவைத் தொடவில்லை.

“எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு மிஸ் ஒலீட்டா” என்றார் ப்ரைஸ். “ஒரே ஒரு சின்ன விஷயம். உப்புக்குப் பதிலா விஸ்கின்னு வெச்சுக்கலாமா?”

“டாக்டர் உப்பத்தான சார் வேணாம்னாரு.”

“இருக்கலாம். ஆனா கேக்கறவனுக்கு உப்புன்னா பிளட் பிரஷர் ஞாபகம் வரும். விஸ்கின்னா காதல் ஞாபகம் வரும்.”

“அவரு குடிக்க மாட்டாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவரு.”

ப்ரைஸ் பெருந்தன்மையானவர். விஸ்கியை விட்டுக்கொடுத்து, பாட்டின் தொடக்கத்தில் ‘ஓ’ என்று ஓர் எழுத்தைச் சேர்த்தார். அந்த நேரம் பார்த்து ஏசி பழுதுபார்க்க டுவைன் ஏணியோடு உள்ளே வந்தார். டுவைனுக்கு ஏற்கெனவே நாலு வெற்றிப் பாட்டுகள் உண்டு, எங்கள் கட்டடத்து ஏசி அடிக்கடி கெட்டுப்போகும். கடைசிச் சரணத்தில் ட்ரிப் கதவைத் திறந்து, தான் இருப்பதாகவே நினைக்க வேண்டாம் என்றார். நான் உள்ளே போய் நாலு பெயர் எழுதி, நாலு முறை ‘அறையில் இருந்தார்’ என்று எழுதினேன்.

வெளியே வந்து ஒலீட்டா கேட்டார், “அந்தத் தொப்பிக்காரரு ஓ போட்டாரு, சரி. பெரியவரு என்ன சார் செஞ்சாரு?”

“ரூம்ல இருந்தாரும்மா.”

“ஏணிக்காரரு?”

“அவரும்தான்.”

“ஏசி இன்னும் ஓடலையே.”

“பாட்டு முடிஞ்சிடுச்சே. இனிமே என்ன அவசரம்.”

அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். அவர் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

மூன்றாம் வாரம் அவரை மண்வாசனைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அதன் துணைத் தலைவி பெய்ஸ்லி வார்ட்லா கனெக்டிகட்டில் பிறந்தவர், மலைகளை விமானத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறார். இடுப்பில் எப்போதும் ஒரு சின்ன நாய். ஒலீட்டாவின் பேச்சு கென்டக்கிப் பேச்சு மாதிரி இல்லை என்று கண்டுபிடித்து, ஓஹையோவிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்தவர் அவர்தான். பேராசிரியர் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். ஒலீட்டா மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த மாதிரிப் பேசுகிறவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

அட்டைப்படம் எடுக்கும்போது செருப்பில்லாமல் நிற்கச் சொன்னார்கள்.

“ஷூ போட்டு நிக்கணும்னுதான் மேடம் நான் இத்தன வருஷமா வேலைக்குப் போறேன்.”

“மண்வாசனைங்கறது தானா வந்துடாது மிஸ் ஒலீட்டா” என்றார் பெய்ஸ்லி. “தானா வரும்னா எங்க டிபார்ட்மென்ட் எதுக்கு? உங்க ஊர்ல ஓடை இருக்குல்ல, அந்தக் கரையில நின்னா போதும்.”

“எங்க வீடு ஹைவே ஓரம். ஓடை இல்ல, சாக்கடை இருக்கு.”

“பிரமாதம். ஓடைன்னே வெச்சுக்கலாம். அப்புறம் இந்த மெஷின், டியூப், நாற்காலி, இதெல்லாம் பாட்டுல வருது. மலைன்னா ஜனங்க மெஷின எதிர்பார்க்க மாட்டாங்க. கஷ்டம் இருக்கலாம், ஆனா ஆஸ்பத்திரி இல்லாத கஷ்டமா இருக்கணும்.”

ஒலீட்டா அப்போதுதான் வந்த காரியத்தைக் கேட்டார். அட்டையின் உள்பக்கத்தில் ‘வெர்லன் ஸ்டிட்ஹாமுக்கு’ என்று ஒரு வரி.

பெய்ஸ்லி நாயைத் தடவிக்கொடுத்தார். அந்தப் பேச்சை நான் குறிப்பெடுத்துக் கோப்பில் போட வேண்டியிருந்ததால் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “உங்க துக்கம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். ஆனா ஒரு பேரு போட்டீங்கன்னா அது உங்க துக்கமா மட்டும் ஆயிடுது. பேரு இல்லன்னா கேக்கற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க செத்தவங்கள அதுல வெச்சுக்குவாங்க. நாங்க சர்வே எடுத்திருக்கோம். விதவைன்னா ஜனங்களுக்குப் பிடிக்குது. செத்தவர் பேரு தெரிஞ்சா அவ்வளவா பிடிக்கல.”

“அப்ப அந்த வரி?”

“அந்த இடத்துல பூட்ஸ் விளம்பரம் வருது.”

அன்றைய பாட்டு அந்த அறையிலேயே முடிந்ததால் நாயைப் பற்றி ஒரு பிரச்சினை வந்தது. கம்பெனி வக்கீல் மூன்று பக்கம் எழுதினார். நாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாதது ஒரு குறையல்ல, எங்கள் பட்டியலில் அப்படி ஏற்கெனவே இருவர் உண்டு, ஆனால் நாய் பாதியில் எழுந்து வெளியே போனதாக இரண்டு சாட்சிகள் சொல்வதால் அதன் உரிமை செல்லாது என்று முடித்திருந்தார். பெய்ஸ்லி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இப்படியே பத்து வாரம் போனது. பத்துப் பாட்டுகளுக்கு நாற்பத்தேழு பேர் எழுதியவர்கள் ஆனார்கள். ஒலீட்டா மெலிந்துபோனார். வெள்ளிக்கிழமை அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பி வந்து, யாராவது குடை தேடியும் காப்பி கொண்டும் உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டே பாடிவிட்டு, ஊருக்குத் திரும்பிவிடுவார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. எனக்கு அது நன்றாகப் புரிந்தது. இந்தக் கட்டடத்தில் கோபம் என்பது வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் இருப்பது, அதுவும் முதல் இரண்டு வாரம்.

பதினோராவது பாட்டை அவர் யாருக்கும் காட்டவில்லை. ‘நாலாம் நாற்காலி’ என்று பெயர். வெர்லன் உட்கார்ந்த நாற்காலி. லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கும்போது, தன்னை அறியாமல் அதில் இரண்டு வரி முணுமுணுத்தார். கதவு திறந்தது. ட்ரிப் நின்றுகொண்டிருந்தார். அவர் மூக்கை நான் சொல்லியிருக்கிறேன்.

“அதான் நம்ம டைட்டில் பாட்டு” என்றார்.

“அது இங்க பாடறதுக்கு இல்ல சார்.”

“கண்ணு, நீ கையெழுத்துப் போட்டிருக்கே. இதுவரைக்கும் எழுதினது எல்லாம் கம்பெனிக்குத்தான். வெள்ளிக்கிழமை பத்து மணி, மூணாம் ரூம். போஸ்டரெல்லாம் அடிச்சாச்சு.”

அவர் போன பிறகு ஒலீட்டா என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பித்தளைத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ்டர் ப்ரூயிட், ஒரு பாட்டு எப்ப முடிஞ்சதுன்னு கணக்கு?”

“கடைசி வரி கெடச்சதும் முடிஞ்சதும்மா.”

“அப்ப என் பாட்டெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சே. பட்டியல்ல தேதியே இருக்கு. உப்புப் பாட்டு ஒரு செவ்வாய்க்கிழமை, சிக்கனும் பட்டாணியும்.”

நான் வீரன் இல்லை. அடுத்த வருஷம் ஓய்வு, அதுவரைக்கும் முதுகுவலிக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் வேண்டும். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. குனிந்து கீழ் அலமாரியைத் திறந்து, வெளியறைப் படிவக் கட்டை எடுத்துத் தூசி தட்டி, அவர் பக்கமாகத் தள்ளினேன். “இத ஊருக்குக் கொண்டுபோய் நிதானமாப் படிங்க. பின்னாடி தீர்ப்பெல்லாம் அச்சடிச்சிருக்கு” என்றேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் அறையில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். டைட்டில் பாட்டு என்ற செய்தி பரவியிருந்தது. ப்ரைஸ், பெய்ஸ்லி, கட்டிப்போட்ட நாய், வக்கீல், மூன்று டுவைன்கள் (அவர் தம்பிகளையும் கூட்டி வந்திருந்தார்), வாசல் காவலாளி, கணக்குப் பிரிவு முழுவதும். நாற்காலி போதாமல் ஏணியில் இரண்டு பேர். நான் வழக்கம்போலக் கதவுக்கு வெளியே.

ட்ரிப் எழுந்து பேசினார். “இந்தக் கம்பெனில யாரும் தனியா இல்ல. அதான் எங்க தாத்தா சொல்லிட்டுப் போனது. மலைல ஒரு பொண்ணு தனியா உட்கார்ந்து அழுதா அது சோகம். பத்தொம்பது பேர் கூட உட்கார்ந்து அழுதா அது இசைத் தொழில். மிஸ் ஒலீட்டா, உன் பாரத்த நாங்க இருபதுல ஒரு பங்கா ஆக்கிட்டோம். பாடும்மா.”

ஒலீட்டா கிட்டாரைத் தொடவில்லை. “அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா சார்? இந்த ரூம் விதி, இந்தக் கட்டடத்துக்கு மட்டுந்தானா?”

“அப்படி யார் சொன்னது?” ட்ரிப்புக்கு அது பிடித்தமான விஷயம். “பஸ்ஸு, சர்ச்சு, கொல்லை, எங்க முடிஞ்சாலும் அதான் ரூம். விலா எலும்பு கடிச்சுக்கிட்டே நான் ஒரு நம்பர் ஒன் பாட்டு எழுதியிருக்கேன். விதின்னா எல்லா எடத்துக்கும் விதி.”

“தூங்கறவங்களும் சேத்தியா?”

“கண்டிப்பா. தூங்கறவன் மனசு தெளிவா இருக்கும்.”

“இங்க முடியாத பாட்ட இங்க முடிஞ்சதா எழுதினா?”

“எழுதக் கூடாது” என்றார் வக்கீல், பழக்கதோஷத்தில். “அது பொய்ப் பதிவு.”

ஒலீட்டா பிளாஸ்டிக் உறையைத் திறந்து பதினோரு பட்டியல்களையும் மேஜையில் வரிசையாக வைத்தார். அவற்றின் மேல் பதினோரு படிவங்கள், பத்தில் பெயர்கள் நிரப்பியிருந்தன. “இது பூரா டயாலிசிஸ் ரூம்ல முடிஞ்சது சார். அங்க பதினாலு நாற்காலி. யார் யாரு இருந்தாங்கன்னு எழுதியிருக்கேன். நாலு வருஷமாப் பாத்த முகங்க, மறக்காது. நர்ஸ் மூணு பேரு. சில நாள் பிரதர் டென்ஸில் ஜெபம் பண்ண வருவாரு, ஒரு பாட்டுக்கு அவரும் உண்டு. இன்னொண்ணுல டிவி ரிப்பேர்காரரு. நீங்க யாரும் அங்க இல்லையே சார்.”

ஏணியில் இருந்த ஒருவர் இறங்கினார்.

“இதெல்லாம் செல்லாது” என்றார் ட்ரிப்.

வக்கீல் அவரைத் தனியே அழைத்துப்போனார். கதவுக்கு வெளியே, அதாவது என் மேஜைக்குப் பக்கத்தில். இது செல்லாது என்றால் விலா எலும்பும் செல்லாது, சோபாவும் செல்லாது என்றார் வக்கீல். முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளையும் கோர்ட்டில் ஒவ்வொன்றாகத் திறந்து, யார் எந்த வரி எழுதினார் என்று கேட்பார்கள். ஆல்பத்தை நிறுத்திவிடலாமே என்றார் ட்ரிப். நிறுத்தலாம், ஆனால் காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார் வக்கீல். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பென்சிலைச் சீவினேன்.

அடுத்த திங்கட்கிழமை மண்வாசனைப் பிரிவு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு மலைச் சமூகமே சேர்ந்து எழுதிய முதல் ஆல்பம் என்றும், இது பெய்ஸ்லி வார்ட்லாவின் நெடுநாள் கனவு என்றும் அதில் இருந்தது. பெயர்களுக்கு இடம் போதாததால் பூட்ஸ் விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள்.

கடைசிப் படிவத்தை நிரப்ப ஒலீட்டா ஒரு சனிக்கிழமை வந்தார். லீவு தீர்ந்துபோயிருந்தது. கட்டடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். ஏசி நன்றாக ஓடியது. அவர் வீட்டிலிருந்து டப்பாவில் பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் கொண்டு வந்திருந்தார், என் மேஜையிலேயே சாப்பிட்டோம். பீன்ஸில் உப்பு இல்லை. நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

தட்டச்சு இயந்திரத்தில் படிவத்தை மாட்டினேன். “நாலாம் நாற்காலி. எப்பம்மா முடிஞ்சது?”

“ஒரு வியாழக்கிழமை.”

“ரூம்ல யாரெல்லாம் இருந்தாங்க? நாற்காலி வரிசையாவே சொல்லுங்க.”

“ஒண்ணு, ஹோபர்ட் கூம்ஸ். அவரு போன மாசம் போயிட்டாரு, சம்சாரம் கையெழுத்துப் போடும்னு சொல்லிருக்கு. ரெண்டு, மிஸ் லூரா நேப்பியர். மூணு, எல்வுட் சிஸ்மோர்.” நிறுத்தினார். “அஞ்சு…”

“நாலு?”

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். “அவரு புதன்கிழமை போயிட்டாரு. மறுநாள் அவரு போர்வைய எடுக்கப் போனேன். நாற்காலி காலியாக் கெடந்துச்சு. வழக்கம்போல பக்கத்துல உட்கார்ந்தேன். கடைசி வரி அப்பத்தான் வந்துச்சு. மத்த பத்துலயும் அவரு பேரு இருக்கு, தூங்கிட்டாவது இருந்தாரு. எனக்கு இதுலதான் வேணும்னு இருந்துச்சு. ஆனா இல்லாதவர இருந்தாருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நாலு காலின்னு போடுங்க சார்.”

“காலின்னு போட முடியாதும்மா. காலி வரி விடக் கூடாது. விதி.”

நாலாம் வரியில் ‘வெர்லன் ஸ்டிட்ஹாம்’ என்று அடித்தேன். பங்களிப்புக் கட்டத்துக்குப் போய், பத்தொன்பது வருஷமாக எழுதிவருவதையே அடித்தேன். ‘அறையில் இருந்தார்.’ பிறகு மிச்சப் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல முடித்து, காகிதத்தை உருவி அவரிடம் கொடுத்தேன்.

அவர் நாலாம் வரியில் விரல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணீர் அதன் மேல் விழாமல் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“என்ன செஞ்சாருன்னு யாராவது கேட்டா?”

“இது வரைக்கும் யாரையும் யாரும் கேட்டதில்லம்மா” என்றேன்.

இறந்தவருக்காக மனைவி கையெழுத்துப் போடலாம். அவர் என் பேனாவை வாங்கி இரண்டு இடத்தில் போட்டார், ஒன்று தனக்கு, ஒன்று அவருக்கு.